நல்லி எலும்புக்கு ஓர் அரை மாரத்தான்

டாக்டர் பயமுறுத்தியதால் ஓடுகிறவர்கள் உண்டு. பேண்ட் பத்தாமல் போனதால் ஓடுகிறவர்கள் உண்டு. நான் ஓட ஆரம்பித்தது ஒரு நல்லி எலும்புக்காக. இதை வெளியே சொன்னால் கேவலம் என்று என் மனைவி சொல்கிறாள். கேவலம் எல்லாம் ஏற்கனவே போட்டோவாக வந்துவிட்டது, இனி சொல்வதில் என்ன இருக்கிறது?

என் மாமியார் வீடு ராஜபாளையத்தில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த மகளைக் கட்டியவன் நான். பம்புசெட் மோட்டாருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை வைத்திருக்கிறேன். இளைய மகளைக் கட்டியவர் என் சகலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாங்கில் வேலை, அங்கேயே குடியிருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் எல்லாருக்கும் கறிச்சோறு. எங்கள் கறிக்கடைக்காரர் எத்தனை கிலோ வாங்கினாலும் நல்லி ஒன்றுதான் போடுவார். அந்த ஒற்றை நல்லி, கல்யாணமான முதல் மாதத்திலிருந்து என் இலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. மூத்த மாப்பிள்ளைக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. கரண்டிக்கே வழி தெரியும். நானும் அதைப் பெரிதுபடுத்தாதவன் போல, "எனக்கு எதுக்கு அத்தை, பிள்ளையளுக்குப் போடுங்க" என்று கையை இலைக்கு மேலே நீட்டுவேன். எலும்பு விழுவதற்குத் தோதாக விரல்களை நன்றாக விரித்துத்தான் நீட்டுவேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் சகலை ஓட ஆரம்பித்தார்.

முதலில் தெருவைச் சுற்றி ஓடினார். பிறகு ஊரைச் சுற்றி ஓடினார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் செண்பகத்தோப்பு ரோட்டில், காட்டிலாகா செக்போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்ப ஆரம்பித்தார். அங்கே நின்று, பின்னால் மலை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். மலைக்கு வயிறு சரிந்திருக்கும், அவருக்கு இருக்காது. அதைப் பார்த்து என் மாமியார் கும்பிடுகிற கை ஒன்று போடுவார், கொழுந்தியா இதயம் போடுவாள், என் மனைவி கைதட்டுவாள். நான் கடையில் உட்கார்ந்து, ஒரு சாமியார் மனநிலையோடு, கட்டை விரலை மட்டும் போடுவேன்.

அந்த மாதக் கறிச்சோற்றில்தான் அது நடந்தது. அத்தை வாளியோடு வந்தார். கரண்டியில் நல்லி ஏறியிருப்பதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். என் இலைக்கு மேலே வந்து கரண்டி நின்றது. நான் வழக்கம்போல விரலை விரித்துக் கையை நீட்டினேன். கரண்டி, என் கையைத் தாண்டி, சொம்பைத் தாண்டி, பக்கத்து இலைக்குப் போனது.

"சின்ன மாப்ள எம்புட்டு தூரம் ஓடுறாவ! எலும்புக்குச் சத்து வேணும்லா?" என்றார் அத்தை.

எனக்கு விழுந்தது உருளைக்கிழங்கு.

சகலை அந்த நல்லியை எடுத்து இலை ஓரத்தில் 'டொக், டொக்' என்று தட்டி, கண்ணை மூடி உறிஞ்சினார். அந்தச் சத்தம் இருக்கிறதே, எங்கள் ஊர் மில் சங்குகூட இவ்வளவு தூரம் கேட்டதில்லை. நான் வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டது.

வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி கேட்டாள். "என்ன, மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? ஒரு எலும்புக்கா?"

"எலும்பு இல்லட்டி. மரியாதை."

"ஓகோ. மரியாதையத்தான் தட்டித் தட்டி உறிஞ்சுவாங்களாக்கும்?"

இவளிடம் ஆறுதல் கிடைக்காது என்று தெரிந்து, ஹாரனை அடித்தேன். ரோட்டில் யாருமே இல்லை.

அடுத்த மாதமும் நல்லி பக்கத்து இலைக்குத்தான் போனது. அதற்கு அடுத்த மாதம் நான் இடத்தை மாற்றி உட்கார்ந்து பார்த்தேன். கரண்டி சுற்றி வளைத்து அங்கேயே போனது. இதில் இன்னொரு கஷ்டம், என் சகலை நல்ல மனுசன். அவர் கொஞ்சம் கெட்டவராக, ஒரு திமிர் பிடித்தவராக, குறைந்தபட்சம் வட்டிக்கு விடுகிறவராகவாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர் என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். என் கடை போர்டைத் தன் செலவில் மாற்றித் தரவா என்று கேட்டவர். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவது நெல்லு மூட்டையைக் குத்துகிற மாதிரி. எதிரே இருப்பதற்கு வலிக்காது, நமக்குத்தான் கை வலிக்கும்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அரை மாரத்தான். ராஜபாளையத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். 'மேடு பள்ளம் இல்லாத சமதளப் பாதை' என்று ஊர்ப் பேரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கென்றே அடித்தது போல இருந்தது. மேட்டில்தான் எனக்கு மூச்சு வாங்கும். சமதளத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சமதளத்தில் சௌகரியமாக, ஆரம்பத்திலிருந்தே மூச்சு வாங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதக் கறிச்சோற்றில் நான் தொண்டையைக் கனைத்து அறிவித்தேன். "நானும் ஓடப் போறேன்."

மாமனார் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அவர் பேப்பரை இறக்குவது அபூர்வம். "எங்க?" என்றார்.

"மாரத்தான்ல."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் குழம்பு வாளியில் கிடந்தது. "ஒடம்புக்கு நல்லதுல்லா மாமா" என்றேன். சகலை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம். நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடுவோம்" என்றார். பார்த்தீர்களா, இந்த மனுசனை என்னதான் செய்வது?

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளைகளுக்கு எது எடுத்தாலும் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள். தீபாவளிச் சட்டை ஒரே பீஸில் கிழித்ததாக இருக்கும். ஒருத்தருக்கு ஒன்று கூடிப்போய் மனத்தாங்கல் வந்துவிடக்கூடாதாம். ஆக மாமனார் கடைக்குப் போய் இரண்டு ஜோடி ஷூ வாங்கி வந்தார். ஒரே கம்பெனி, ஒரே கிளிப்பச்சை. எனக்கு எட்டாம் நம்பர், சகலைக்கு ஒன்பது. பாதத்திலும் அவர்தான் ஒரு நம்பர் கூட என்பது அன்று எனக்கு உறுத்தாமல் இல்லை.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலையில் ஓடினேன், யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக. பார்த்தவை நாய்கள். எங்கள் ஊர் நாய்க்கு உலகத்திலேயே பேர் உண்டு, ஆனால் என்னை விரட்டியவை அந்த உசத்தியான ரகம் இல்லை. பரோட்டாக் கடை வாசலில் படுத்திருக்கிறவை. அவையும் கொஞ்ச தூரம் வந்துவிட்டு, இவன் ஓடுகிற வேகத்துக்கு இது விரட்டுவதாகவே ஆகாது என்று திரும்பிவிட்டன. சகலை தினமும் போனில் எப்படி மூச்சு விட வேண்டும் என்று சொல்லித் தருவார். நான் பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிற மூச்சு அது. அதற்கும் இவரிடம் டியூஷன்.

ஓட்டத்து நாளும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவே கறிச்சோறு ஞாயிறும்கூட. அத்தை முந்தின நாளே, "ரெண்டு பேரும் ஓடி முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துருங்க, குளிச்சிச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆக என் கணக்கு இதுதான்: இன்றைக்குச் சகலைக்கு முன்னால் நான் எல்லைக் கோட்டைத் தாண்டினால், அந்தக் கரண்டிக்கு வேறு காரணமே கிடையாது. நல்லி என் இலைக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

பீப்பீ என்று ஏதோ ஊதினார்கள். சகலை என் பக்கத்திலேயே ஓடினார். "அண்ணாச்சி, நிதானமா வாங்க, நான் ஒங்க கூடவே வாரேன்" என்றார். கூட வந்தால் எப்படி முந்துவது? "நீங்க போங்க, எனக்காக நிக்காதீங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னதும் அவர் போய்விட்டார். அதுவும் எப்படிப் போனார்? ஏதோ கேஸ் அடுப்பை மறந்து எரியவிட்டு வந்தவர் போலப் போனார். பச்சை ஷூ இரண்டும் தூரத்தில் இரண்டு கிளிகளாகப் பறந்து மறைந்தன.

அதன் பிறகு நானும் ரோடும்தான். இடது பக்கம் மலை, நான் ஓடுவதை ஒரு வேடிக்கையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் என்னைத் தாண்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் கேனோடு சைக்கிளில் போன ஒருத்தர் என்னைத் தாண்டினார். அவர் ஓட்டத்தில் கலந்துகொள்ளவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் திரும்பும் இடத்தில் வாழைப்பழமும் எலுமிச்சைத் துண்டும் வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருத்தர் பிரியமாக பால்கோவாவை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லும் பக்குவம் எனக்கு இன்னும் வரவில்லை. சாப்பிட்டேன். அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் எனக்கு இனிப்பாக மூச்சு இளைத்தது.

ராஜபாளையம் நெருங்க இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது, ஒரு டீக்கடைக்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு ஆட்டோ நின்றது. பக்கத்தில் பச்சை பனியனில் ஒரு உருவம், வெறுங்காலோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றது. சகலை!

எனக்குள் ஒரு பட்டாசுக் கட்டே வெடித்தது. காலில் சதை பிடித்துவிட்டது! ஆண்டவனே, பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குப் பிடிக்கட்டும் போதும் என்று வேண்டிக்கொண்டே, முகத்தில் மட்டும் கவலையை வைத்துக்கொண்டு நெருங்கினேன்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க, ஒங்களுக்காகத்தான் அரை மணி நேரமா நிக்கேன்" என்றார் சகலை. குரலில் அழுகை இருந்தது.

அப்போதுதான் ஆட்டோவுக்குள் இருந்து பெரியத்தை இறங்கினார். பெரியத்தை என்றால் என் மாமியாரின் அக்கா. மகாராஜபுரத்தில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு காது குத்து அவர் சொல்லாமல் நடக்காது. என் கல்யாணமும் சகலை கல்யாணமும் அவர் பேசி முடித்தவை. இப்போது தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, வெயிலுக்கு முன்னாலேயே ஆட்டோ பிடித்து ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் சின்ன மாப்பிள்ளை முன்னால் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து மறித்துவிட்டார்.

"ஒங்க ரெண்டு பேரையும் கையில பிடிக்கதே பெரிய பாடு. வீட்டுக்கு வந்தா ஒராளு கடைம்பீய, ஒராளு பாங்கும்பீய. இன்னைக்கு ரோட்டுல வசமா மாட்டுனீய" என்றார் பெரியத்தை.

"அப்ப இவருக்குக் குடுத்து அனுப்பியிருக்கலாம்லா பெரியத்தை?" என்றேன் நான்.

"நல்லாயிருக்கே கதை! மூத்தவிய நீங்க இருக்கும்போது எளையவருக்கு எப்படி முதல்ல வைக்க? ஊரு என்ன பேசும்? பின்னால வாராவன்னு சொன்னாரு. வரட்டும், உங்களுக்கு வச்சிட்டுத்தான் அவருக்குன்னு நிப்பாட்டிட்டேன்."

அதாவது, அன்றைக்கு எனக்கு முன்னால் பறந்து போன சகலையை, நான் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, நான் வந்து சேரும் வரைக்கும் புளியமரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பெரியத்தை காலில் அங்கேயே விழுந்திருப்பேன். விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் விழவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு கெழக்க பாத்து நில்லுங்க, பெரிய மாப்ள."

பத்திரிகையைச் செருப்புக் காலோடு வாங்கக்கூடாது. சகலையின் பச்சை ஷூ ஏற்கனவே ஆட்டோ ஓரமாகக் கிடந்தது. நானும் என் பச்சை ஷூவை அங்கேயே கழற்றிப் போட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை, குங்குமம். ரோட்டில் லாரி போகிறது. ஓடுகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். நான் பனியனில் நம்பரைக் குத்திக்கொண்டு, கிழக்கே பார்த்து, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் அகலமாக இட்டு, இரண்டு கையையும் நீட்டிப் பத்திரிகையை வாங்கினேன். அந்த நிமிஷம் எனக்குள் ஒரு கெம்பீரம் வந்தது. முதல் மரியாதை. எனக்கு. அதுவும் சகலை கண் முன்னால்.

"அவசியம் வந்துரணும் மாப்ள. முந்தின நாளே பிள்ளையளக் கூட்டிட்டு வந்துரணும்."

"வாரோம், வாரோம்."

அடுத்து பெரியத்தை சகலை பக்கம் திரும்பினார். தாம்பாளத்தில் மறுபடி வெற்றிலை எடுத்து வைத்தார். அப்போதுதான் என் மூளைக்குள் மின்சாரம் வந்தது. எனக்கு முடிந்துவிட்டது, அவருக்கு இனிமேல்தான். குனிந்தேன், ஷூவுக்குள் காலை நுழைத்தேன், கயிற்றைக் கூட இழுத்துக் கட்டாமல் பத்திரிகையோடு ஓட ஆரம்பித்தேன். பின்னால் பெரியத்தை, "ஏன் சின்ன மாப்ள, ஒங்கம்மாவுக்கு முட்டு வலி எப்படியிருக்கு?" என்று கேட்பது கேட்டது. கேளுங்கள் பெரியத்தை, நன்றாக விசாரியுங்கள், இன்னொரு முட்டியையும் விசாரியுங்கள்.

அந்த அவசரத்தில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு அப்போது தெரியாது. இடது காலில் என் ஷூவையும், வலது காலில் சகலையின் ஷூவையும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வலது கால் மட்டும் லொடக் லொடக் என்று ஆடியது. ஓடி ஓடிப் பாதமும் இளைத்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் குரல் கேட்டது. "அண்ணாச்சி! நில்லுங்க அண்ணாச்சி!"

திரும்பிப் பார்த்தேன். சகலை வந்துகொண்டிருந்தார். என் எட்டாம் நம்பர் ஷூ அவர் காலில் நுழையவில்லை. ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால், நுழையாத ஷூ கையில். நொண்டி நொண்டி வந்தார். என் கண்ணுக்கு அவர் வருவது மட்டும்தான் தெரிந்தது, ஷூ தெரியவில்லை. பந்தயத்தில் பின்னால் வருகிறவன் நில்லு என்றால் எவன் நிற்பான்? என் வாழ்நாளில் அந்த வேகத்தில் நான் ஓடியதில்லை. வியர்வை ஊற்றியது. நெற்றியில் இட்ட குங்குமம் கரைந்து, மூக்கு வழியாகக் கோடு கோடாக இறங்கியது.

இப்போது ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். முன்னால் ஒருத்தன் முகமெல்லாம் சிவப்பாக வழிய, கண் பிதுங்க, கையில் கல்யாணப் பத்திரிகையோடு ஓடுகிறான். பின்னால் ஒருத்தன் கையில் செருப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நில்லு" என்று கத்திக்கொண்டு விரட்டுகிறான்.

"ஏலே, விட்ருலே! பெரிய மனுசனப் போயி!" என்று ஒருத்தர் கத்தினார்.

"கல்யாணத்துல என்னமோ தகராறு போல" என்றது இன்னொரு குரல்.

தண்ணீர் பாட்டில் கொடுக்க நின்ற ஒரு பொண்ணு, எனக்கு நீட்டிய பாட்டிலோடு ஒதுங்கிக்கொண்டது. போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் கூடவே நாலு எட்டு ஓடி வந்து, "அண்ணே, ஸ்டேஷன்ல பெட்டிசன் குடுக்கீங்களா?" என்று கேட்டார். இவ்வளவு பேர் நம்மை உற்சாகப்படுத்துகிறார்களே என்று நான் எல்லாருக்கும் கையை ஆட்டினேன்.

எல்லைக் கோட்டைத் தாண்டினேன். சகலை எனக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளித் தாண்டினார். ஜெயித்த பையன்கள் எப்போதோ வந்து, இட்லி சாப்பிட்டு, கை கழுவி, மைக் செட்காரரிடம் பாட்டுப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் எனக்கு எதுக்கு? என் பந்தயத்தில் இரண்டே பேர்தான். நான்தான் முதல். ஒருத்தர் கழுத்தில் மெடலைப் போட்டார். சகலையை முதலுதவிக்காரர்கள் காலைப் பார்க்கக் கூடாரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வரவில்லை. எனக்கும் நின்று கேட்க மனசு வரவில்லை. ஜெயித்தவன் தோற்றவனிடம் என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டு, தெரிந்தவர் ஒருத்தரின் பைக்கில் ஏறி அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் மொத்த வீடும் நின்றது. எனக்கு ஆரத்தி எடுக்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்ததும், "ஐயையோ!" என்று தலையில் கை வைத்தார்.

விஷயம் இதுதான். எல்லைக் கோட்டில் நின்ற போட்டோக்காரர் எடுத்த படத்தை யாரோ குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள். படத்தில் நான் ரத்தம் வழிய ஓடுகிறேன். சகலை பின்னால் செருப்பை ஓங்கியிருக்கிறார். எங்களை வாழ்த்திக் கைதட்ட வேண்டிய சொந்தக்காரர்கள் எல்லாரும், 'என்ன ஆச்சு?' 'சொத்துப் பிரச்சினையா?' என்று கேட்டு எழுதியிருந்தார்கள். நடந்ததைச் சொல்ல வேண்டிய பெரியத்தையோ ஊருக்குள் வீடு வீடாகப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தார், இங்கே இன்னும் வந்து சேரவில்லை.

"எங்க அடிச்சாரு? ஆழமா பட்டிருச்சா?" என்று அத்தை பதறினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எல்லாரும் என்னைச் சுற்றி நிற்பது நன்றாக இருந்தது. "அது கிடக்கட்டும் அத்தை" என்று திண்ணமாகச் சொல்லிவைத்தேன். என் மனைவி ஈரத் துண்டைக் கொண்டுவந்து நெற்றியை ஒரு தேய் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இது குங்குமம்."

அந்தச் சமயத்தில் சகலை வந்து இறங்கினார். ஒரு காலில் பாண்டேஜ். பாண்டேஜ் துணிக்கே பேர்போன எங்கள் பக்கத்து ஊர்த் தறியில் நெய்ததாகத்தான் இருக்கும். கையில் ஒற்றை ஷூ. அத்தை அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"என்ன மாப்ள இது? மூத்தவிய மேல என்ன கோவம் இருந்தாலும் செருப்பத் தூக்கலாமா? அதுவும் நடு ரோட்டுல!"

எனக்கு உள்ளுக்குள் தேன் இறங்கியது. நல்லி திரும்பி வருகிற சத்தம் கேட்டது. சகலை குனிந்து, வாசலில் நான் கழற்றிப் போட்டிருந்த ஷூ ஜோடிக்குப் பக்கத்தில், தன் கையில் இருந்ததை வைத்தார். தன் காலில் இருந்த இடதைக் கழற்றி அதையும் வைத்தார். நாலு பச்சை ஷூ வரிசையாக இருந்தன. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றி வைத்தாள். சின்ன ஜோடி ஒன்று, பெரிய ஜோடி ஒன்று.

"அவரு அடிக்க வரல" என்றாள். "அவரு ஷூவக் கேட்டு வந்திருக்காரு. இவரு அதைக் களவாண்டுட்டு ஓடியிருக்காரு."

மாமனார் பேப்பரை இறக்கினார். பார்த்தார். மறுபடி தூக்கிக்கொண்டார். ஆனால் பேப்பர் குலுங்கியது. பிறகு கொழுந்தியா சிரித்தாள், அத்தை சிரித்தார், பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். சகலைதான் முதலில் சிரிப்பை நிறுத்தி, "அண்ணாச்சி அவசரத்துல மாறிட்டாக, விடுங்க" என்றார். பாருங்கள், அப்போதும் அவர்தான் நல்லவர்.

எனக்கு அது தாங்கவில்லை. ஓடிய களைப்பு வேறு. வாயிலிருந்து வந்துவிட்டது. "சரி, எல்லாம் இருக்கட்டும். முதல்ல வந்தது நான். அப்ப நல்லி யாருக்கு?"

அத்தை என்னையே பார்த்தார்.

"இதுக்கா மாப்ள ஓடுனீய?"

நான் என் மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கூறு கெட்ட மனுசனா இருக்கீயளே. அவிய மாசம் ஒருக்க வாற விருந்தாளி. விருந்தாளிக்கு நல்லதா ஒண்ணு போடலைன்னா நல்லாவா இருக்கும்? அதை நேரா சொல்ல முடியுமா? இம்புட்டு வருசமும் ஒரு சாக்கு கெடைக்கல, இப்பதான் ஓடுறாவ, சத்து வேணும்னு ஒண்ணு கெடச்சுது. நீங்க வீட்டு ஆளு. மோட்டார் ஓடலைன்னா நீங்க, கரண்ட் பில்லுன்னா நீங்க. ஒங்களுக்கு நல்லி வேணும்னா அடுக்களையில வந்து சட்டியோட எடுத்துக்கிட வேண்டியதுதான?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பெருமையாகச் சகலையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முகத்தில் அன்றைக்குத்தான் நான் முதன்முறையாக ஒன்றைப் பார்த்தேன். நான் கண்ணாடியில் பல மாதமாகப் பார்த்துவந்த அதே முகம்.

"கட்டி பத்து வருசம் ஆவுது. நான் இன்னும் விருந்தாளிதானா, அத்தை?" என்றார் உள்ளே பார்த்து. பிறகு என்னிடம், "இந்த வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாகூட என்னைக் கூப்பிட்டதில்ல அண்ணாச்சி. எல்லாத்துக்கும் ஒங்களைத்தான். ஞாயித்துக்கிழமை வந்தா சும்மா ஒக்காரணும். அந்தக் கடுப்புலதான் ஓடவே ஆரம்பிச்சேன்."

தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, கரப்பான்பூச்சிகளோடு மோட்டாரின் ஃபுட்வால்வை மாற்றுகிற என்னைப் பார்த்து ஒரு மனுசன் பொறாமைப்பட்டிருக்கிறார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம் வந்தது. அந்த சந்தோஷம் இலை போடுகிற வரைக்கும் இருந்தது.

ஏனென்றால் இலை போட்டதும் அத்தை உள்ளே இருந்து குழம்பு வாளியோடு வந்து அதை என் கையில் கொடுத்தார். "வீட்டு ஆளுல்லா, செத்த பரிமாறுங்க. எனக்கு இடுப்பு முடியல. பொறவு நீங்களும் நானும் சேந்து சாப்பிடலாம்."

இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காலோடு, கையில் வாளியோடு நின்றேன். உள்ளே பார்த்தேன். அங்கே, குழம்பின் மேலே பாதி தெரிகிற மாதிரி, நல்லி மிதந்துகொண்டிருந்தது. பரிமாறுகிறவன் கடைசியில்தான் சாப்பிடுவான். கடைசி வரைக்கும் அது தப்பித்துவிட்டால் எனக்குத்தான். கரண்டியின் பின்புறத்தால் அதை மெதுவாக அடியில் அமுக்கினேன். மேலே ஒரு உருளைக்கிழங்கை வைத்து மூடினேன். மாமனாருக்கு இரண்டு துண்டு. பிள்ளைகளுக்குக் குழம்பு. சகலையின் இலைக்கு வந்து, மேலாக ஒரு கரண்டி எடுத்து, கையை லேசாகக்கூட ஆட்டாமல் ஊற்றினேன்.

"மாப்ள!" உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. "நல்லி அடியில போயிருக்கும். நல்லாக் கிண்டிச் சின்ன மாப்ளைக்குப் போடுங்க. பாவம், கால்ல காயம்."

கிண்டினேன். அது வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு அள்ளுங்க" என்றாள் மனைவி, எனக்கு நேரே உட்கார்ந்துகொண்டு. குனிந்தேன். கழுத்தில் தொங்கிய மெடல் போய்க் குழம்புக்குள் விழுந்தது. மெடலும் நல்லியும் ஒன்றாகத்தான் மேலே வந்தன.

நல்லியைச் சகலை இலையில் போட்டேன். மெடலை நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. பக்கத்தில் 'டொக், டொக்' என்று சத்தம் ஆரம்பித்தது.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டேன்.